ஆட்டோ ஹிஞ்சுக்கு ஜிக் வாங்கும்முன்

கோத்தகிரியில் எங்கள் சமையலறைக்கு அலமாரி செய்தபோது துளைகளைச் சரியான இடத்தில் போட வழிகாட்டும் ஜிக் என்ற கருவியை முதலில் வாங்கினேன். கதவைத் தானாகச் சாத்தும் கீலான ஆட்டோ ஹிஞ்ச் ஒரு வாரம் கழித்து மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தது. கீலின் வட்டக் கிண்ணமான கப் கதவில் உட்காரும் துளை பொருந்தியது. அதன் இரு பக்கமும் வர வேண்டிய ஸ்க்ரூ துளைகள் பொருந்தவில்லை. மலைமேல் இருப்பவர்களுக்கு ஒரு பொருள் மாறிப்போனால் அதைத் திருப்பிக் கொடுக்கவே 30 கிலோமீட்டருக்கு மேல் இறங்கி ஏற வேண்டும். அதனால் கீல் கைக்கு வந்த பிறகே ஜிக்கைத் தேடுங்கள். மற்ற தவறுகள் பலவும் இந்த வரிசை மாறுவதில்தான் தொடங்குகின்றன.

கப்பின் விட்டம் 35 மி.மீ. என்பது பெரும்பாலான கீல்களுக்குப் பொது. சின்னக் கதவுகளுக்கு 26 மி.மீ. கப் உண்டு, அதற்குத் துளை போடும் பிட்டும் வேறு. இந்த 35 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு 'எல்லாக் கீலுக்கும் சேரும்' என்று நம்பிவிடுகிறோம். ஆனால் இரண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவில் உள்ள தூரம் கீலுக்குக் கீல் மாறும். 48 மி.மீ. இடைவெளியில், கப்பின் மையத்திலிருந்து 6 மி.மீ. உள்ளே தள்ளி வருவது ஒரு வகை. 45-க்கு 9.5 இன்னொரு வகை, ப்ளூம் நிறுவனக் கீல்களில் பார்க்கலாம். 52-க்கு 5.5 என்றும் வரும். உங்கள் கீலை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, அந்த இரண்டு எண்களும் ஜிக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். கப் துளை மட்டும் போட்டுத் தரும் ஜிக்கும் நல்லதுதான். ஆனால் ஸ்க்ரூ துளைகளை ஒவ்வொன்றாகக் கையால் குறிக்க வேண்டியிருக்கும். பத்துக் கதவு என்றால் எங்காவது ஒன்று கோணிவிடும்.

அடுத்தது விளிம்புத் தூரம். கதவு விளிம்புக்கும் கப் துளையின் ஓரத்துக்கும் நடுவில் 3 முதல் 6 மி.மீ. வரை விடுவது வழக்கம். நம் ஆசாரிகள் நூல் கணக்கில் வேலை செய்கிறவர்கள். இஞ்சுக்கு எட்டு நூல், ஒரு நூல் ஏறக்குறைய 3.2 மி.மீ. அந்தக் கணக்கில் எழுந்த கதவு ஜன்னல்கள் இந்த மலையில் இன்றும் கச்சிதமாகச் சாத்துகின்றன, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கீல் மில்லிமீட்டரில் செய்யப்பட்டது. இதற்கு விட்டிருக்கும் மொத்த இடமே ஒரு நூல்தான். எங்களுக்கு உதவ வந்த ஆசாரி அண்ணன், "அரை நூல்தானே தம்பி, ஸ்க்ரூவுல சரி பண்ணிக்கலாம்" என்றார். பண்ணலாம், பொய்யில்லை. ஆனால் கீலின் பக்கவாட்டு ஸ்க்ரூ பொதுவாக இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 2 மி.மீ. அளவுக்குத்தான் கதவை நகர்த்தும். மேல் கீலில் அரை நூல் உள்ளேயும் கீழ்க் கீலில் அரை நூல் வெளியேயும் போய்விட்டால், கதவை நேராக நிறுத்துவதற்கே அதில் பெரும்பகுதி செலவாகிவிடும்.

இங்கே அந்த 2 மி.மீ. நமக்கு வேறொரு வேலைக்கு வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியில் மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது மரம் ஈரத்தை இழுத்து அகலத்தில் ஊதும். மாசி வெயிலில் திரும்பச் சுருங்கும். பிளைவுட் அதிகம் அசையாது. சில்வர் ஓக் பலகையில் செய்த கதவு நன்றாகவே அசையும். அப்போது திருக ஸ்க்ரூவில் இடம் மிச்சம் இருக்க வேண்டும். அதனால் 3, 4, 5, 6 என்று படிப்படியாக நின்று பூட்டிக்கொள்ளும் ஜிக்கை வாங்குங்கள். சில மலிவு ஜிக்குகளில் குமிழைத் திருகி வைத்த அளவு, நாலாவது துளை போடுவதற்குள் தானாக நழுவிவிடும். கடையிலேயே பூட்டிவிட்டு விரலால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள்.

பலகை ஓரத்தை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டையை ஒட்டுவதற்கு முன்பே துளை போடுகிறீர்களா? 2 மி.மீ. பட்டை ஒட்டினால் 4-க்கு வைத்த துளை 6-க்குப் போய்விடும். ஒட்டிச் சீவிய பிறகு ஜிக்கை வைப்பதே நல்லது.

சட்டம் போட்ட கதவுகளில் இன்னொரு சிக்கல். விளிம்பிலிருந்து 5 விட்டு 35 மி.மீ. துளை போட்டால் அது 40 மி.மீ. உள்ளே வரை போகும். இரண்டு இஞ்ச் சட்டம் 51 மி.மீ.தான். அதன் உள்பக்கத்தில் பலகை உட்கார 10 மி.மீ. காடி எடுத்திருந்தால், துளைக்கும் காடிக்கும் நடுவே 1 மி.மீ. மரம்தான் மிஞ்சும். எந்த ஜிக்கும் இதைக் காப்பாற்றாது. சட்டத்தை இரண்டரை இஞ்ச் வைத்துவிடுங்கள்.

ஜிக்கில் இரண்டு ரகம். வெறும் தகட்டில் 35 மி.மீ. ஓட்டை போட்டது ஒன்று. பிட்டின் தண்டைப் பிடித்து நேராக இறக்கும் குழல் வைத்தது இன்னொன்று. கை ட்ரில் வைத்திருப்பவர்கள் இரண்டாவதையே வாங்குங்கள். தகட்டு ரகத்தில் ட்ரில் சற்றுச் சாய்ந்தாலும் கப் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், பிளாஸ்டிக் தகடாக இருந்தால் ஓட்டையும் நாளடைவில் பெரிதாகும். இரண்டு இடத்தில் கிளாம்ப் போட வசதி இருக்கட்டும்.

ஆழத்தில் தவறினால் திருத்தவே முடியாது. கப்புக்கு 12 முதல் 13 மி.மீ. ஆழம் வேண்டும். 18 மி.மீ. கனமுள்ள ஷட்டரில், அதாவது அலமாரிக் கதவில், மிஞ்சுவது 5, 6 மி.மீ. தான். அதனால் நடு முனை நீண்ட ஸ்பேட் பிட் வேண்டாம், அது மறுபக்கச் சன்மைக்காவைக் குத்திக்கொண்டு வெளியே வரும். முனை குட்டையான, கார்பைடு வைத்த ஹிஞ்ச் பிட்டே சரி. பிளைவுட்டின் பசை வெறும் இரும்புப் பிட்டைச் சீக்கிரம் மழுக்கிவிடும். ஜிக்கோடு வரும் டெப்த் ஸ்டாப்பரை எல்-கீயால் இறுக்கி, அதே கனமுள்ள கழிவுத் துண்டில் ஒரு துளை போட்டுக் கீலை உட்காரவைத்துப் பார்த்த பிறகு கதவைத் தொடுங்கள். 12 மி.மீ. பலகைக் கதவுக்கு இந்தக் கீல் ஆகவே ஆகாது.

கீல் கையின் வளைவான கிராங்க் பற்றியும் பலர் குழம்புகிறார்கள். கதவு பெட்டியின் ஓரத்தை முழுதாக மூடினாலும், பாதி மூடினாலும், உள்ளே அடங்கினாலும் கப் துளை ஒன்றுதான், கீலின் வளைவுதான் மாறும். மாறுவது பெட்டிப் பக்கத்தில். கீலைப் பெட்டியோடு பிணைக்கும் பிளேட்டின் ஸ்க்ரூ வரிசை முன் விளிம்பிலிருந்து 37 மி.மீ. உள்ளே வரும், துளைகளுக்கு இடையே 32 மி.மீ. கதவு உள்ளே அடங்குவதானால் அந்த 37-உடன் கதவின் கனத்தையும் கூட்ட வேண்டும். 18 மி.மீ. ஷட்டருக்கு 55. ஜிக்கில் இந்த பிளேட்டுக்கும் அளவு இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதையே வாங்குங்கள். ஆழமான பெட்டிக்குள் தலையை நுழைத்து டேப் பிடித்து அளப்பது மிகவும் சிரமம்.