படிக்கும்போது தெரியும் ஜெர்மன் இலக்கணம், கேட்கும்போது எங்கே போகிறது?

கோத்தே நிறுவனத்தின் ஜெர்மன் பி1 (இடைநிலை) தேர்வுக்குத் தயாராகும் பலரிடமும் இந்தக் குறையைக் கேட்கலாம்: "படிச்சா எல்லாம் புரியுது, கேட்டா பாதி போயிடுது." உடனே சொற்பட்டியலைக் கையில் எடுப்பார்கள். ஆனால் நழுவிப்போவது பல நேரம் சொல் அல்ல, சொல்லின் வால்: ஆர்ட்டிகிளின் (ஆங்கில 'எ', 'தி' போலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சிறு சொல்லின்) ஈறு, வினையின் விகுதி. படிக்கும்போது கண் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கேட்கும்போது வேகம் பேசுபவர் கையில் இருக்கிறது. அந்தத் தேர்விலும் கேட்டல் பகுதியின் நான்கு பிரிவுகளில் இரண்டை ஒரே முறைதான் ஒலிக்கவிடுவார்கள்.

முதல் தவறு, முதல் முறை கேட்கும்போதே இலக்கணத்தைத் தேடுவது. 1990இல் பில் வான்பேட்டன் என்ற ஆய்வாளர், ஸ்பானிஷ் கற்கும் மாணவர்களை ஒரு பதிவைக் கேட்கவைத்தார். சிலர் 'பணவீக்கம்' என்பதற்கான சொல் வரும்போதெல்லாம் குறிக்க வேண்டும். சிலர் 'லா' என்ற ஆர்ட்டிகிளை. சிலர் வினையின் கடைசி 'ன்' விகுதியை. பணவீக்கத்தைக் குறித்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. மற்ற இரண்டு குழுவுக்கும் புரிதல் குறைந்தது. 2001இல் வின் வோங் ஆங்கிலம் கற்பவர்களிடம் இதையே வாசிப்பையும் சேர்த்துச் செய்து பார்த்தார். ஆர்ட்டிகிளைக் கவனித்தவர்களில் கேட்டவர்களுக்குப் புரிதல் குறைந்தது, வாசித்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. எனவே முதல் முறை விஷயத்துக்காக மட்டும் கேளுங்கள். அடுத்த முறை ஒரே ஒரு ஈற்றைக் கவனியுங்கள், அது போதும்.

அடுத்தது, எழுத்தில் பார்த்த உருவம் முழுசாகக் காதில் விழும் என்று காத்திருப்பது. புத்தகத்தில் 'ஐனென் ப்ரூடர்', அதாவது 'ஒரு சகோதரனை', என்று இருக்கும். பேச்சில் அது 'நென் ப்ரூடர்' ஆகிவிடும். பெண்பாலுக்கு வரும் 'ஐனெ' வெறும் 'நெ' ஆகும். 'ஐனென்' என்ற ஒலியையே தேடிக்கொண்டிருந்தால் அது வரவே வராது. ஆண்பாலா பெண்பாலா என்பது அந்தக் கடைசி 'ன்'னில் இருக்கிறது. பதிவின் வேகத்தைக் குறைத்துக் கேட்பதாலும் இது தீராது. பேசியவர் சொல்லாத அசையை மெதுவாக ஓட்டினாலும் கேட்க முடியாதே! சுருங்கிய வடிவத்தையே தனியாகப் பழக வேண்டும்.

வசனத்தை எழுத்தில் பார்த்துக்கொண்டே கேட்பதும் இங்கேதான் ஏமாற்றும். விடுபட்ட அசையைக் கண் நிரப்பிவிடும், காது கேட்டதாக நாம் நினைத்துக்கொள்வோம். ஒருமுறை எழுத்தில்லாமல் கேட்டு, காதில் விழுந்ததை எழுதிவிட்டு, அப்புறம் ஒப்பிடுங்கள்.

இதற்கு நேர்மாறாக, எழுத்தில் பளிச்சென்று தெரிவது காதில் கரைந்துபோவதும் உண்டு. 'கொன்ட்டெ' என்ற சொல்லுக்கு 'செய்ய முடிந்தது' என்று பொருள். அதே சொல்லின் ஓ எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்தால் 'முடியும், செய்யலாம்' என்ற பொருள். தாளில் புள்ளிகள் கண்ணில் படும். காதுக்கோ, தமிழில் இல்லாத ஓர் உயிரொலியைப் பிரித்தறிய வேண்டிய வேலை: 'எ' சொல்லும் நாக்கு, 'ஒ'வுக்குக் குவிந்த உதடு. நண்பர் 'வரலாம்' என்று சொன்னதை 'வர முடிந்தது' என்று எடுத்துக்கொண்டால் பேச்சே திசை மாறிவிடும். இந்த ஜோடிகளை வாயால் சொல்லிப் பழகாமல் காதுக்குப் பிடிபடுவது கடினம் என்பது என் கருத்து.

சரி, வாசிப்பில் மட்டும் இலக்கணம் தானாகக் கண்ணில் பட்டுவிடுமா? படாது. அப்படி நம்புவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. 'கெஸ்டர்ன்', அதாவது நேற்று, என்ற சொல்லைப் பார்த்ததுமே இறந்தகாலம் தெரிந்துவிடுகிறது; வினையின் விகுதியை யாரும் பார்ப்பதில்லை. 'இன் டீ ஷ்டட்' நகரத்துக்கு, 'இன் டேர் ஷ்டட்' நகரத்தில். நம் வேற்றுமை உருபுகளோடு அழகாகப் பொருந்தும் வேறுபாடு இது. ஆனாலும் 'போகிறேன்', 'வசிக்கிறேன்' என்ற வினைகளே விஷயத்தைச் சொல்லிவிடுவதால் 'டீ'யும் 'டேர்'உம் கண்ணில் பதியாமல் கடந்துவிடும். புரிந்த பத்தி ஒன்றை எடுத்து, ஆர்ட்டிகிள்களை எல்லாம் மறைத்துவிட்டு, மறுநாள் நிரப்பிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கே நீங்கள் பொருளை மட்டும்தான் படித்திருக்கிறீர்கள். அந்த வரிகளின் ஒலிப்பதிவு கிடைத்தால், அடுத்துக் கேட்க வேண்டியது அதைத்தான்.