பதின்ம வயதுப் பிள்ளையோடு சிங்கப்பூர் சுற்றுலா: குளுவாங்கிலிருந்து திட்டமிடும் முறை

குளுவாங், பாலோ, சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களுக்குச் சிங்கப்பூர் புதிய ஊர் இல்லை. உறவினர் வீட்டுத் திருமணம், காதணி விழா, துக்கம் என்று போய் வந்துகொண்டே இருக்கிறோம். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையை விடுமுறைக்கென்றே அழைத்துப் போவது வேறு வேலை. அந்த வயதில் பிள்ளை நம் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வராது. மூன்றாம் படிவம் படிக்கும் என் மகளோடு போய்வந்த பிறகு, சில தோழிகள் விவரம் கேட்டார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: ஒரு முழு நாளைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதுதான் முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். "எங்கே போகலாம், சொல்லு" என்று பொதுவாகக் கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். "வியாழக்கிழமை முழுதும் உன் பொறுப்பு, நானும் அப்பாவும் உன் பின்னால் வருவோம்" என்று சொல்லிப் பாருங்கள், அன்றிரவே பட்டியல் தயாராகும்.

அந்தப் பட்டியல் மிக நீளமாக இருக்கும். காணொளிகளில் பார்த்த கடைகள், கஃபேக்கள், சுவரோவியங்கள் எல்லாம் அதில் வரும். தயவுசெய்து நீங்கள் அதை வெட்டாதீர்கள். ஒவ்வோர் இடத்தையும் கூகல் மேப்ஸில் குறிக்கச் சொல்லி, பக்கத்திலுள்ள எம்ஆர்டி (சிங்கப்பூர் நகர ரயில்) நிலையத்தின் பெயரை எதிரே எழுதச் சொல்லுங்கள். ஓர் இடம் தீவின் மேற்கிலும் அடுத்தது கிழக்கிலும் கிடப்பதைப் பார்த்ததும் பிள்ளையே அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். நாம் சொல்லி விட்டுக்கொடுப்பதற்கும் தானே பார்த்து விட்டுவிடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

மூன்று எல்லைகளை மட்டும் நீங்கள் வகுத்தால் போதும்: கையில் கொடுக்கும் தொகை, தங்குமிடத்துக்குத் திரும்பும் நேரம், சாப்பாட்டு வேளை தவறக்கூடாது என்ற விதி.

என் மகள் வகுத்த நாளை மாதிரிக்குத் தருகிறேன். காலையில் லிட்டில் இந்தியாவில் இந்திய மரபுடைமை நிலையம் என்ற அருங்காட்சியகம் (திங்கட்கிழமை மூடியிருக்கும்), மதியம் தேக்கா உணவங்காடியில் சாப்பாடு, பிற்பகல் பூகிஸில் இறங்கி ஹாஜி லேன் கடைத்தெரு, மாலையில் பேஃபிரண்டில் இறங்கிக் கரையோரப் பூந்தோட்டம். லிட்டில் இந்தியா, பூகிஸ், பேஃபிரண்ட் ஆகிய மூன்று ரயில் நிலையங்களும் டவுன்டவுன் பாதை என்ற ஒரே தடத்தில் வருகின்றன, தடம் மாற வேண்டிய தேவையே இல்லை. இதை அவள்தான் கண்டுபிடித்தாள். பூந்தோட்டத்தின் வெளிப்பகுதிக்குக் கட்டணம் கிடையாது. இரவு 7.45 மணிக்கும் 8.45 மணிக்கும் அங்குள்ள மர வடிவ ராட்சதக் கோபுரங்களின் அடியில் நடக்கும் ஒளி ஒலிக் காட்சியும் இலவசம். கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் டிக்கெட் வேண்டும்.

படி 2: ஆவணங்கள்

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் புதுப்பிக்கப் பெற்றோரும் உடன் போக வேண்டும் என்பதால், பள்ளி விடுமுறைக்கு வெகுமுன்பே குடிநுழைவுத் துறை அலுவலகத்துக்குப் போய்வந்துவிடுங்கள்.

அடுத்தது எஸ்ஜி வருகை அட்டை, அதாவது சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவம். பலர் தடுமாறும் இடம் இதுதான். நானும் இதில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூருக்குள் நுழையும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் இதை நிரப்ப முடியும். "முன்கூட்டியே முடித்துவிடலாம்" என்ற நம் வழக்கமான சுறுசுறுப்பு இங்கே உதவாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும். குடும்பமாகச் சேர்த்து அனுப்பும் வசதி உண்டு.

இது முற்றிலும் இலவசம். இணையத்தில் தேடினால் கட்டணம் கேட்கும் தனியார் தளங்களும் வரும். பார்வைக்கு அரசாங்கத் தளம் போலவே இருக்கும். சிங்கப்பூரின் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்தை அல்லது அதன் மைஐசிஏ செயலியை மட்டும் பயன்படுத்துங்கள். எங்கேயாவது கடன் அட்டை எண் கேட்டால் உடனே வெளியேறுங்கள்.

நம் பெயர்களில் மகன், மகள் என்பதைக் குறிக்க வரும் ஏ/எல், ஏ/பி பற்றி: கடப்பிதழில் உள்ளபடியே எழுதுங்கள். சாய்கோட்டைப் படிவம் ஏற்கவில்லை என்றால் கோட்டை மட்டும் விடுங்கள், எழுத்துகளை விடாதீர்கள். நிரப்பி முடித்ததும் உறுதிப்படுத்தும் பக்கத்தைப் படமெடுத்து இருவர் கைபேசியிலும் வைத்திருங்கள்.

படி 3: கடற்பாலத்தைக் கடப்பது

குளுவாங்கிலிருந்து பஸ்ஸைவிட ரயில்தான் என் தேர்வு. நேராக ஜொகூர் பாரு சென்ட்ரலில் இறக்கிவிடும். அங்கிருந்து மேம்பாலம் வழியாகவே குடிநுழைவுக் கட்டடத்துக்கு நடந்துவிடலாம். லார்க்கின் பஸ் நிலையம் போய்த் திரும்பும் அலைச்சல் மிச்சம்.

சிங்கப்பூர் பக்கத்து உட்லண்ட்ஸுக்குப் போகும் ஷட்டல் தெப்ராவ் ரயில் ஐந்தே நிமிடத்தில் கடந்துவிடும். நம் பக்கமிருந்து கட்டணம் 5 ரிங்கிட், திரும்பும்போது 5 சிங்கப்பூர் வெள்ளி. விடுமுறைக் காலத்தில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் 170 அல்லது 950 எண் பஸ். சோதனைச் சாவடியில் எல்லாரும் பைகளோடு இறங்கி, சோதனை முடித்து, மறுபடி அதே எண் பஸ்ஸில் ஏற வேண்டும். இந்த இடத்தில்தான் காதில் பாட்டை மாட்டிய பிள்ளை கூட்டத்தோடு முன்னே போய்விடும். "தடுப்பைத் தாண்டியதும் அங்கேயே நில், பஸ் வரிசைக்குப் போகாதே" என்று வீட்டிலேயே சொல்லி வையுங்கள்.

இன்னொன்றையும் பேசித்தான் ஆக வேண்டும். மின்சிகரெட்டைக் கையில் வைத்திருப்பதே சிங்கப்பூரில் குற்றம். நம் ஊர் மாணவர்களிடம் அது எவ்வளவு எளிதாகப் புழங்குகிறது என்பது நமக்குத் தெரியும். "என் பிள்ளை அப்படி இல்லை" என்று நினைத்தாலும் முதல் நாள் இரவு பையைச் சேர்ந்து அடுக்குங்கள். நண்பன் கொடுத்து வைத்தது பையின் மூலையில் கிடந்தாலும் பதில் சொல்ல வேண்டியது உங்கள் பிள்ளைதான். சூயிங்கமும் வேண்டாம்.

படி 4: எம்ஆர்டி அட்டை

ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. நிலைய நுழைவாயிலில் உங்கள் வங்கி அட்டையை நீங்கள் தட்டிவிட்டு, பிள்ளைக்காக அதையே மறுபடி தட்ட முடியாது. வங்கி அட்டை இல்லாத பிள்ளைக்கு நிலையத்திலேயே ஈசி-லிங்க் என்ற பயண அட்டை வாங்கிக் கொடுங்கள். நம் டச் அண்ட் கோ அட்டை அங்கே செல்லாது.

படி 5: பணம்

பிள்ளைக்கான தொகையைச் சிங்கப்பூர் வெள்ளியாக, ரொக்கமாகக் கொடுங்கள். செலவைக் கணக்கிடும் செயலிகள் எனக்குப் பிடிப்பதில்லை. பர்ஸில் தாள் குறைவதைக் கண்ணால் பார்ப்பதுதான் அந்த வயதுக்குச் சரியான கணக்குப் பாடம். உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பிற்சேர்க்கை

வாசகி ஒருவர், தம் மகனை அத்தை அழைத்துப் போவதாக எழுதியிருந்தார். பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், பிறப்புச் சான்றிதழ் நகல், பெற்றோரின் அடையாள அட்டை நகல் ஆகியவற்றை அத்தையிடம் கொடுத்தனுப்புங்கள். கேட்காமலும் போகலாம், கேட்டால் கையில் இருக்க வேண்டும்.

இன்னொருவர் எம்ஆர்டி நிலையத்துக்குள் போகும்போது கைபேசியைத் தட்டி, வெளியே வரும்போது அதே வங்கியின் அட்டையைத் தட்டிச் சிக்கிக்கொண்டாராம். ஒரே கணக்கு என்றாலும் கைபேசியும் அட்டையும் இரண்டு வெவ்வேறு அட்டைகளாகவே பதிவாகும். எதைத் தட்டி நுழைந்தீர்களோ அதையே தட்டி வெளியேறுங்கள்.

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் என்ற புதிய ரயில் ஓடத் தொடங்கியதும் மூன்றாம் படியை மாற்றி எழுதுகிறேன்.