சலசலக்கும் வகுப்பை அமைதியாகத் திருப்புவது எப்படி?

மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட். ஏழாம் வகுப்பு, பின்னங்கள். போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினால் பின் பெஞ்சில் பேச்சு, ஜன்னலோரம் சிரிப்பு, நடுவில் ஜாமெட்ரி பாக்ஸ் விழும் சத்தம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இங்கேதான் குரலை உயர்த்துவார்கள். முதல் வருடம் நானும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை வந்தால் தொண்டை கட்டிவிடும். நாம் கத்தக் கத்த, பிள்ளைகள் அதற்கு மேலே பேசப் பழகிவிடுகிறார்கள்.

1. சைகையை முன்பே பழக்குங்கள்

சத்தம் வந்தபிறகு புதுச் சைகை காட்டினால் யாருக்கும் புரியாது. வருடத் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுங்கள். நான் மூன்று முறை கைதட்டுவேன். அவர்கள் இரண்டு முறை தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார்கள். முதல் வாரம் தினமும் ஒத்திகை.

2. பாதி வாக்கியத்தில் நிறுத்துங்கள்

"மூன்றில் ஒரு பங்கு என்றால்..." அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள். சாக்பீஸைக் கீழே வைத்து, ஒரே இடத்தில் நின்று, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். முறைக்க வேண்டாம். முன் பெஞ்ச் முதலில் அடங்கும். "ஏய், டீச்சர் நிக்கிறாங்க" என்று அவர்களே பின்னால் சொல்வார்கள். ஆறு, ஏழு எண்ணும்போது நம் பொறுமை போகும். அங்கேதான் தாக்குப்பிடிக்க வேண்டும்.

3. பக்கத்தில் போய் நில்லுங்கள்

இன்னும் அடங்கவில்லையா? இப்போது கைதட்டுங்கள். அப்புறமும் பேசுபவர்கள் ஓரிருவர்தான் இருப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அருகில் போய், நோட்டில் அவர்கள் விட்ட கணக்கின்மேல் விரலை வையுங்கள், போதும்.

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின், தன் வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரைக் கண்டித்தார். சம்பந்தமே இல்லாத மற்றவர்களிடமும் அதன் பாதிப்பு தெரிந்தது. அதிலிருந்துதான் அவருடைய வகுப்பறை ஆராய்ச்சி தொடங்கியது; 1970இல் நூலாக வந்தது. ஒரு பிள்ளையை நாம் நடத்தும் விதத்தை மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பேசுபவர்கள் பெயரை லீடரை விட்டுப் போர்டில் எழுதவைப்பது எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். அந்தப் பிள்ளை பீரியட் முழுக்கத் தன் பெயரையே பார்த்துக்கொண்டிருக்கும். கணக்கு கண்ணில் படாது.

4. தணிந்த குரலில் தொடங்குங்கள்

அமைதி வந்ததும் அறிவுரை சொல்லத் தோன்றும். வேண்டாம், அதிலேயே கவனம் மறுபடி சிதறும். உடனே கைக்கு வேலை கொடுங்கள்: "நோட்டுல ஒரு வட்டம் போடுங்க. மூணு சம பங்காப் பிரிங்க. ஒரு பங்குக்கு மட்டும் பென்சில் தீட்டுங்க."

பென்சில் உரசும் சத்தம் கேட்டதும், விட்ட வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்து முடியுங்கள்.