கடலில் எஞ்சின் மூச்சு வாங்குகிறதா? அவுட்போர்டு ஃபில்டர் அடைப்பைக் கண்டுபிடிக்கும் வழி

நாகப்பட்டினம் பக்கம் எங்கள் ஃபைபர் போட்டில் மாட்டியிருப்பது 9.9 எச்.பி. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது போட்டின் பின்புறம் வெளியே மாட்டும், ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் எஞ்சின். மழைக்காலம் முடிந்து போட்டை இறக்கிய முதல் நாள், கரையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆன எஞ்சின், அலை முறியும் இடத்தைத் தாண்டி முழு வேகம் கொடுத்ததும் இரண்டு நிமிஷம் ஓடிவிட்டு மூச்சு வாங்க ஆரம்பித்தது. குறைத்தால் ஓடுகிறது, கூட்டினால் படுத்துவிடுகிறது. ஸ்பார்க் ப்ளக்கை மாற்றியும் பயனில்லை. பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே மிளகுத்தூள் மாதிரி கறுப்புத் துகள். கழுவிப் போட்டதும் சரியாகிவிட்டது, நாலு நாளில் திரும்ப அதே கதை. புதுசு வாங்கிப் போட்டோம், அது ஒரு வாரம் தாங்கியது. மூன்றாவது ஃபில்டரும் அடைத்த பிறகுதான் டேங்க்கிலிருந்து வரும் ஹோஸைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தோம். வெளியே பளபளவென்று இருந்த ஹோஸின் உட்புறம் வெயிலில் காய்ந்த பெயின்ட் மாதிரி செதில் செதிலாக உரிந்து கிடந்தது.

அதனால் ஃபில்டர் அடைத்திருந்தால் மாற்றிப் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள், அதற்குள் கிடப்பது என்ன, எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இந்தப் பதிவு முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறேன், புதிதாக எஞ்சின் வாங்கியவர்களை மனதில் வைத்து.

முதலில் பெட்ரோல் போகும் வழி தெரிய வேண்டும். டேங்க்குக்குள் ஒரு உறிஞ்சு குழாய், அதன் நுனியில் சின்ன வலை. அங்கிருந்து ஹோஸ், நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் பல்ப், பிறகு எஞ்சினில் சொருகும் கனெக்டர். மேல்மூடியைத் திறந்தால் கட்டைவிரல் அளவில், பெரும்பாலும் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் கிண்ணத்தோடு ஒரு ஃபில்டர், அதைத் தாண்டி ஃப்யூயல் பம்ப், கடைசியில் கார்புரேட்டர். சிலர் டேங்க்குக்கும் பல்புக்கும் இடையில் தண்ணீர் பிரிக்கும் பெரிய ஃபில்டர் ஒன்றும் வைத்திருப்பார்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அடைப்பு இந்த வழியில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், பழி என்னவோ நடுவில் இருக்கும் ஃபில்டர் மேல்தான் விழும்.

கை வைப்பதற்கு முன் ஒரு விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, போட்டின் அடியில் போய்த் தேங்கி நிற்கும். பீடி, லைட்டர் எதுவும் பக்கத்தில் வேண்டாம், எஞ்சின் ஆறியிருக்கட்டும், எஞ்சினை உடனே நிறுத்தும் கில் சுவிட்ச்சின் கயிற்றைக் கழற்றி வையுங்கள்.

முதல் வேலை, டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். எடுத்துப்போகும்போது சிந்தக் கூடாதென்று மூடிவிட்டு, ஓட்டும்போது திறக்க மறந்த கேஸ்தான் பாதி. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று வர வழியில்லாமல் டேங்க் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் நன்றாக ஓடிய எஞ்சின் திடீரென்று பட்டினியில் நின்றுவிடும். மூடியைத் தளர்த்தும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் விஷயம் இதுதான்.

அடுத்தது பல்ப். எஞ்சின் திணறும்போது ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பல்பைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். பல்ப் உள்ளே சப்பி ஒட்டிப்போயிருந்தால், பம்ப் இழுக்கிறது, பின்னாலிருந்து வரவில்லை என்று அர்த்தம். அப்படியானால் காற்றுத் திருகு, உறிஞ்சு குழாய் வலை, மடங்கிய ஹோஸ், பல்புக்கு முன்னால் இருக்கும் பெரிய ஃபில்டர், இந்த வரிசையில் தேடுங்கள். பல்ப் கல் மாதிரி இறுகியிருந்தும் எஞ்சின் திணறினால் அடைப்பு பல்பைத் தாண்டி எஞ்சின் பக்கம் இருக்கிறது, மேல்மூடிக்குள் இருக்கும் ஃபில்டரோ கார்புரேட்டரோ. எத்தனை தடவை அமுக்கினாலும் பல்ப் இறுகவே இல்லையென்றால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது, கனெக்டரின் ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), ஹோஸ் கிளிப், அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வே போயிருக்கலாம். (அமுக்கும்போது பல்பில் இருக்கும் அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வேண்டும், அந்த முனையை மேலே தூக்கிப் பிடித்தால் சீக்கிரம் இறுகும்.) திணறும் நேரத்தில் பல்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் எஞ்சின் திரும்ப உயிர் பெறுகிறதா? அப்போது கோளாறு பெட்ரோல் வரும் வழியில்தான், ப்ளக்கைக் கழற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு, காசும் ஆகாது. பக்கத்துப் போட்டில் நன்றாக ஓடும் எஞ்சினின் டேங்க்கையும் ஹோஸையும் பத்து நிமிஷம் கடன் வாங்கி உங்கள் எஞ்சினில் மாட்டி முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கனெக்டர் பொருந்த வேண்டும், இரண்டும் ஒரே கம்பெனி எஞ்சினாக இருந்தால் கவலையில்லை. ஓடிவிட்டால் உங்கள் டேங்க் அல்லது ஹோஸ்தான் குற்றவாளி. ஓடவில்லையென்றால் மேல்மூடியைத் திறங்கள்.

ஃபில்டரைக் கழற்றும்போது அடியில் துணி போட்டு, கிண்ணத்தில் இருப்பதைச் சிந்தாமல் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பதினைந்து நிமிஷம் அசையாமல் வையுங்கள், காலி ஊறுகாய் பாட்டில் போதும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கதை தெரியும். கறுப்பாக, நசுக்கினால் விரலில் மை மாதிரி ஒட்டினால் ஹோஸ் அல்லது பல்பின் ரப்பர், எங்களுக்கு வந்தது இதுதான். செங்கல் நிறத் தூள் என்றால் இரும்பு டேங்க் அல்லது கேனின் துரு. நெருநெருவென்றால் கடற்கரை மணல், பெட்ரோல் ஊற்றிய கையையும் புனலையும் கேளுங்கள். பழுப்பாக, பனங்கருப்பட்டிப் பாகு மாதிரி பிசுபிசுத்தால் பல மாதம் கிடந்து கெட்டுப்போன பெட்ரோல். அடியில் தெளிவாகவோ கலங்கலாகவோ தனியாக ஒரு அடுக்கு நின்றால் தண்ணீர். டூ ஸ்ட்ரோக்கில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம், ஆயில் கலந்த பெட்ரோல் நீலமாகவோ பச்சையாகவோ தெரியும், அடி அடுக்குக்கு அந்த நிறம் இருக்காது.

அந்த நிறம் இல்லாததில்தான் ஆபத்தும் இருக்கிறது. நம் பங்க்குகளில் இப்போது வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கி 2025க்குள் ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. 24 லிட்டர் சிவப்பு டேங்க்கை நிரப்பினால் அதில் ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக எத்தனால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஓரளவு வரை பிடித்து வைத்திருக்கும், அளவு மீறியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். உறிஞ்சு குழாயின் வாய் இருப்பதும் அடியில்தான். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடுகிறது, கீழே உறிஞ்சுவதில் ஆயிலே இல்லை, பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும். ஃபில்டர் அடைத்துப் பெட்ரோல் குறைந்தாலும் இதே முடிவுதான், டூ ஸ்ட்ரோக்குக்கு ஆயில் வருவதே பெட்ரோலோடுதானே. அதனால் 'மெதுவாக ஓட்டிக் கரை சேர்ந்துவிடலாம்' என்பது அவசரத்துக்கு ஒருமுறை சரி, அப்படியே ஒரு சீசனை ஓட்டக் கூடாது. பல கம்பெனிகளின் கையேட்டில் 10 சதவீத எத்தனால் வரைதான் சரி என்று போட்டிருக்கும், உங்களுடையதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பழைய ஹோஸ் உள்ளே உரிவதற்கும் எத்தனால் ஒரு காரணம், மாற்றும்போது எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, திரும்ப மாட்டுவது. வலை ஃபில்டராக இருந்தால் சுத்தமான பெட்ரோலில் அலசினால் போதும், தேய்க்க வேண்டாம், கிழிந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். காகித ஃபில்டரைக் கழுவவே கூடாது. ஃபில்டர் உடம்பில் இருக்கும் அம்புக்குறி பம்ப் பக்கம் பார்க்கட்டும், ஓ-ரிங்கில் துளி ஆயில் தடவுங்கள், பல்பை இறுகும் வரை அமுக்கிவிட்டு மூட்டுகளைச் சுற்றி விரலால் தடவி ஈரம் கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக், அதிலும் இன்ஜெக்ஷன் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இந்த முதல் ஃபில்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே உயர் அழுத்தத்தில் இன்னொரு பம்பும் ஃபில்டரும் இருக்கிறது, அது மெக்கானிக் வேலை.

இனி அடைக்காமல் பார்த்துக்கொள்வது. பெரியப்பா காலத்திலிருந்தே வேட்டித் துணியை நாலாக மடித்துப் புனலில் வைத்துத்தான் ஊற்றுவார்கள். மணலை அது பிடிக்கும், தண்ணீரைப் பிடிக்காது, கூடவே நூல் பிசிறையும் டேங்க்குக்குள் தள்ளும், அந்தப் பிசிறு உறிஞ்சு குழாய் வலையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். மெல்லிய கம்பி வலை வைத்த புனல் வாங்குங்கள். மழையில் ஊற்றாதீர்கள், கேனின் கடைசி அரை லிட்டரைக் கவிழ்க்காதீர்கள், குப்பை எல்லாம் அங்கேதான் இருக்கும்.

நான் காசு போட்டு வாங்கச் சொல்லும் ஒரே சாமான் அந்தத் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர். 10 மைக்ரான் அளவில், லாரி ஆயில் ஃபில்டர் மாதிரி திருகி மாட்டும் டப்பா. வெயிலும் உப்புத் தண்ணீரும் நேராகப் படாத இடத்தில் நிமிர்த்திப் பொருத்துங்கள். மாற்றும்போது கேஸ்கெட்டில் ஆயில் தடவிக் கையால் மட்டும் இறுக்குங்கள், ஸ்பேனர் போட்டால் அடுத்த தடவை கழற்ற அழுவீர்கள். பழைய டப்பாவில் இருப்பதை மறக்காமல் அதே ஊறுகாய் பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள். 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்பது பொதுக்கணக்கு. தினமும் கடலுக்குப் போகிறவர்களுக்கு அது சீக்கிரமே வந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் போட்டைக் கரையேற்றி வைக்கும்போதுதான் பெரும்பாலான அடைப்புக்கு விதை விழுகிறது. பாதி டேங்க் பெட்ரோலோடு ஓலைக்கொட்டகையில் இரண்டு மாதம் கிடந்தால் ஈரமும் சேரும், பெட்ரோலும் கெடும். டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள். ஆயில் கலக்காத பெட்ரோல் என்றால் பைக்கில் ஊற்றிவிடலாம், கலந்தது என்றால் முடியாது, அதனால் சீசன் கடைசியில் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். பிறகு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, தண்ணீர் உறிஞ்சும் துளை முழுகும்படி எஞ்சினை இறக்கி, ஸ்டார்ட் செய்து, ஹோஸைக் கழற்றிவிட்டு ஐடிலில் தானாக நிற்கும் வரை விடுங்கள். கார்புரேட்டர் எஞ்சினுக்கு மட்டும்தான் இது. வடித்த பழைய பெட்ரோலை மணலிலோ கடலிலோ கொட்ட வேண்டாம், மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் போட்டில் இப்போது ஒரு பிளாஸ்டிக் டப்பா ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது: ஒரு புது ஃபில்டர், பல்போடு சேர்த்து முழு ஹோஸ் ஒன்று, இரண்டு ஓ-ரிங், நாலு கிளிப், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பிறகு அந்த ஊறுகாய் பாட்டில். பன்னிரண்டு பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில், வலை பாதி தண்ணீரில் கிடக்கும்போது எஞ்சின் நின்றால், நங்கூரத்தைப் போட்டுவிட்டு முதலில் ஹோஸை முழுசாக மாற்றுங்கள், ஒரு நிமிஷ வேலை. அப்புறமும் ஓடவில்லையென்றால் மட்டும் மேல்மூடியைத் திறங்கள்.