எல்லா 'வேற'வுக்கும் டிஃபரன்ட் போடாதீர்கள்

கும்பகோணம் பக்கத்தில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். படிப்பு முடித்த பையன்கள் சிலர் வேலைக்கு அனுப்பப்போகும் கடிதத்தையும் கொண்டுவந்து காட்டுவார்கள். போன மாதம் ஒரு தம்பி ஜவுளிக்கடை வேலைக்கு எழுதிய கடிதத்தில் இப்படி ஒரு வரி: 'ஐ ஆம் இன்டிஃபரன்ட் டு ஆல் கஸ்டமர்ஸ்.' என்னப்பா சொல்ல வர்றே என்று கேட்டேன். "பணக்காரங்க, ஏழைன்னு வித்தியாசம் பார்க்க மாட்டேன் சார், எல்லாரையும் ஒரே மாதிரி கவனிப்பேன்" என்றான்.

நல்ல எண்ணம்தான். ஆனால் கடைக்காரர் அந்த வரியைப் படித்தால், 'எந்த வாடிக்கையாளர் வந்தாலும் எனக்கு அக்கறை இல்லை' என்றுதான் எடுத்துக்கொள்வார். டிஃபரன்டுக்கு முன்னால் 'இன்' வந்தால் 'வித்தியாசம் இல்லாத' என்று ஆகிவிடும் என்பது அவன் கணக்கு. 'பாரபட்சமில்லாத' என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் இருந்ததும் உண்மை. இன்றைக்கு இன்டிஃபரன்ட் என்றால் அக்கறையில்லாத, கண்டுகொள்ளாத என்று அர்த்தம். சாப்பாட்டையோ ஆட்டத்தையோ அப்படிச் சொன்னால் 'சுமார்' என்று அர்த்தம். 'ஐ ட்ரீட் ஆல் கஸ்டமர்ஸ் ஈக்குவலி' என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

இந்த மாதிரி தவறுகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பட்டது இதுதான்: நமக்கு 'வேற' என்ற ஒரே சொல் எல்லா இடத்துக்கும் போதும், இங்கிலீஷில் போதாது. 'வேற சட்டை காட்டுங்க', 'இது வேற, அது வேற', 'வேற யாரு வந்தா?' எல்லாவற்றையும் தமிழில் தடங்கல் இல்லாமல் சொல்லிவிடுகிறோம். இங்கிலீஷில் முதல் வாக்கியத்துக்கே இரண்டு வழி இருக்கிறது. இன்னொரு சட்டை வேண்டுமென்றால் 'அனதர் ஷர்ட்', அது இதே மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. இந்த மாதிரி வேண்டாம், நிறமோ துணியோ மாறி இருக்கணும் என்றால்தான் 'எ டிஃபரன்ட் ஷர்ட்'. 'வேற யாரு வந்தா' என்பதற்கு 'ஹூ எல்ஸ் கேம்'. அந்த இடத்தில் டிஃபரன்டுக்கு வேலையே இல்லை. அப்புறம், 'அனதர் பீப்பிள்' என்று எழுதாதீர்கள், 'அதர் பீப்பிள்' என்பதே சரி. 'அனதர் டூ டேஸ்' மட்டும் எப்படிச் சரி என்று பிள்ளைகள் கேட்பார்கள். அங்கே இரண்டு நாளையும் சேர்த்து ஒரே தவணையாக எண்ணுகிறோம், அதனால் சரி.

அரிசி வியாபாரம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. 'வி ஹேவ் டிஃபரன்ட் ரைஸ்' என்று வெளியூர்க்காரருக்கு எழுதினால், நாம் கேட்ட அரிசி இல்லை போலிருக்கிறது, வேறு ஏதோ அரிசியைத் தள்ளப் பார்க்கிறார்கள் என்று அவர் நினைக்கலாம். பல ரகம் இருக்கிறது என்று சொல்ல 'மெனி வெரைட்டீஸ் ஆஃப் ரைஸ்' போதும். வேரியஸ் போடுவதானால் பின்னால் பன்மை வரணும், 'வேரியஸ் ரைஸ்' என்று நிறுத்த முடியாது, 'வேரியஸ் கைண்ட்ஸ் ஆஃப் ரைஸ்' என்று எழுதுங்கள். வேரியபிளை மட்டும் விற்கிறவர் தொடவே கூடாது, 'வேரியபிள் குவாலிட்டி' என்றால் தரம் ஒருமுறை இருந்த மாதிரி மறுமுறை இருக்காது என்று நாமே எழுதிக்கொடுத்த மாதிரி. சீரகச் சம்பாவின் வாசனை டிஸ்டிங்க்டிவ், அதாவது முகர்ந்தாலே இது இன்னது என்று சொல்லிவிடலாம். டிஸ்டிங்க்ட் என்றால் தெளிவாகப் பிரிந்து நிற்பது: குறுவையும் சம்பாவும் இரண்டு டிஸ்டிங்க்ட் பருவங்கள்.

தேர்வில் மார்க் போவது பெரும்பாலும் சின்னச் சொற்களில். 'குறுவைக்கும் சம்பாவுக்கும் உள்ள வித்தியாசம்' என்று தமிழில் இரண்டு பக்கமும் 'க்கும்' வருகிறது, அதனால் இங்கிலீஷிலும் இரண்டாவது பெயரோடு எதையாவது ஒட்டத் தோன்றி 'பிட்வீன் குறுவை டு சம்பா', 'பிட்வீன் குறுவை வித் சம்பா' என்று எழுதிவிடுகிறார்கள். பிட்வீன் வந்துவிட்டால் நடுவில் அண்ட் மட்டும்தான். ஏடிடி 43 என்ற நெல் ரகம் சுமார் 110 நாளில் அறுவடைக்கு வரும், சிஆர் 1009 என்ற ரகத்துக்கு 155 நாளுக்கு மேல் ஆகும். இதை எழுதும்போது 'தி டிஃபரன்ஸ் பிட்வீன் ஏடிடி 43 அண்ட் சிஆர் 1009'. எதில் வித்தியாசம் என்றால் 'டிஃபரன்ஸ் இன் டியூரேஷன்'. எவ்வளவு என்றால் 'எ டிஃபரன்ஸ் ஆஃப் அபவுட் 45 டேஸ்'. டிஃபரன்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் ஃப்ரம் போட்டால் எந்த நாட்டிலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 'டிஃபரன்ட் டு' என்பது பிரிட்டனில் கேட்கும், 'டிஃபரன்ட் தேன்' என்பது அமெரிக்காவில். ஒரு ஆளோடு கருத்து ஒத்துப்போகவில்லை என்றால் 'ஐ டிஃபர் வித் யூ'.

அடுத்தது நம் ஊருக்கே உரிய குழப்பம்: ஆல்டர்னேட், ஆல்டர்னேட்டிவ். வயலைக் காயவிட்டு, பிறகு தண்ணீர் பாய்ச்சி, மறுபடி காயவிடுவதை நாம் காய்ச்சலும் பாய்ச்சலும் என்கிறோம். இங்கிலீஷில் அது 'ஆல்டர்னேட் வெட்டிங் அண்ட் டிரையிங்', ஒன்று மாற்றி ஒன்று. நெல்லுக்குப் பதில் உளுந்து போட்டால் அது 'ஆல்டர்னேட்டிவ் கிராப்', மாற்றுப் பயிர். முறைப்பாசனத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் கேட்டு மனு எழுதினால் 'ஆன் ஆல்டர்னேட் டேஸ்' என்று எழுதணும். ஆல்டர்னேட்டிவ் டேஸ் என்று எழுதினால், சொன்ன தேதிக்குப் பதிலாக வேறு தேதி கேட்கிறார்கள் என்று ஆகிவிடும். அமெரிக்காவில் மாற்றுப்பாதையை 'ஆல்டர்னேட் ரூட்' என்றே சொல்வார்கள், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

'ஆன் தி கான்ட்ரரி'யை 'ஆனால்' என்ற பொருளில் போடுவதையும் நிறையப் பார்க்கிறேன். குறுவைக்குத் தண்ணீர் வந்தது, சம்பாவுக்கு வரவில்லை என்று இரண்டையும் ஒப்பிடுவதற்கு 'பை கான்ட்ராஸ்ட்' தான் பொருந்தும். முன்னால் சொன்னதையே மறுக்கும்போதுதான் கான்ட்ரரி: தண்ணீர் போதும் என்கிறார்கள், 'ஆன் தி கான்ட்ரரி', வயல் வெடித்துக் கிடக்கிறது.

கடைசியாக, காதில் ஏமாற்றும் ஒரு ஜோடி. வேறுபடுவதற்கான டிஃபர், தள்ளிப்போடுவதற்கான டிஃபர். இரண்டும் பிறந்தது ஒரே லத்தீன் வினையிலிருந்து. பிரித்துக் கொண்டுபோவது என்பது அதன் பொருள், கல்லணையில் காவிரி பிரிந்து போவதை நினைத்தால் மறக்காது. வேறுபடுவதற்கு முதல் அசையில் அழுத்தம், நடுவில் இரண்டு எஃப். தள்ளிப்போடுவதற்கு இரண்டாம் அசையில் அழுத்தம், ஒரே எஃப். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள், 2024-ல் தண்ணீர் போதாமல் ஜூலை கடைசிவரை தள்ளிப்போனது. அந்த வாக்கியத்தில் ஒரு எஃப் போடுங்கள்.