வேனிலிருந்து டெலிபோர்ட்டுக்கு: முதல் நேரலையை ஏற்றுவது எப்படி?

மதுரைப் பக்கம் ஒரு ஜல்லிக்கட்டு நேரலை என்று வைத்துக்கொள்வோம். மைதானத்துக்கு வெளியே டிஎஸ்என்ஜி வேன், அதாவது கூரையில் டிஷ் வைத்து நேரலையைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும் வண்டி, நிற்கிறது. அது மேலே அனுப்புவது அப்லிங்க். செயற்கைக்கோள் அதை வேறு அலைவரிசைக்கு மாற்றிக் கீழே விடுவது டவுன்லிங்க். அதை வாங்கி சேனலுக்குக் கொடுப்பது டெலிபோர்ட்: பெரிய டிஷ்களும் தூங்காத கண்ட்ரோல் ரூமும் வைத்துக்கொண்டு வாடகைக்கு இந்த வேலையைச் செய்யும் இடம்.

படி 1: கணக்கு. டிவிபி-எஸ்2 (செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கான தரமுறை), க்யூபிஎஸ்கே 3/4 (ஒரு சிம்பலில் இரண்டு பிட்; அதில் நாலில் மூன்று பங்கு தரவு, மீதி பிழைதிருத்தம்), சிம்பல் ரேட் (நொடிக்கு எத்தனை சிம்பல்) 5 மெகா என்று வைத்தால் நொடிக்குச் சுமார் 7.4 மெகாபிட் போகும். சிக்னலின் ஓரங்களுக்கு விடும் 20 சதவீத ரோல்-ஆஃப் சேர்த்து செயற்கைக்கோளில் 6 மெகாஹெர்ட்ஸ் இடம் புக் செய்ய வேண்டும். 8பிஎஸ்கே-க்கு (ஒரு சிம்பலில் மூன்று பிட்) மாறினால் அதே இடத்தில் 11 மெகாபிட் கிடைக்கும். ஆனால் ரிசீவர் சிக்னலைப் பிடித்து லாக் ஆக, சிக்னல் இரைச்சலைவிட 4 டெசிபெல் கூடுதலாக இருந்தால் போதும் என்பது 8 டெசிபெல் ஆகிவிடும். முதல் தடவை ஆசைப்படாதீர்கள், க்யூபிஎஸ்கே போதும்.

படி 2: அனுமதி. டிவி சேனல்களின் அப்லிங்க், டவுன்லிங்க்குக்கான மத்திய அரசின் 2022 வழிகாட்டு நெறிமுறைகளின்படி, அனுமதி பெற்ற சேனல் ஒவ்வொரு நேரலைக்கும் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவு செய்தால் போதும். வேனுக்கான லைசென்ஸ் வேறு விஷயம், அதன் நகல் கையில் இருக்கட்டும்.

படி 3: டிஷ்ஷைத் திருப்புதல். 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் செயற்கைக்கோள் என்றால், மதுரையிலிருந்து தென்கிழக்கே, வடக்கிலிருந்து கிழக்காக எண்ணினால் 122 டிகிரி, தரையிலிருந்து ஏறக்குறைய 68 டிகிரி உயரம். அவ்வளவு செங்குத்தாகப் பார்ப்பதால் கட்டடம் பெரும்பாலும் மறைக்காது. வேனை ஒட்டி நிற்கும் வேப்பமரம் மறைக்கும்.

படி 4: இங்கேதான் அவசரப்படக் கூடாது. டிஷ் சரியாக நிற்கிறது, மானிட்டரில் படமும் இருக்கிறது என்பதற்காக டிரான்ஸ்மிட்டைத் தட்டிவிடாதீர்கள். செயற்கைக்கோளின் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போடுங்கள். அவர்கள் சொன்ன பிறகு, படம் ஏதும் ஏற்றாத வெறும் கேரியரை (படத்தைச் சுமக்கப்போகும் அலை) மிகக் குறைந்த பவரில் விடுங்கள். உங்கள் சிக்னல் எதிர் போலரைசேஷனில் (போலரைசேஷன் என்பது அலை அதிரும் திசை) எவ்வளவு கசிகிறது என்று பார்த்து, "கொஞ்சம் திருப்புங்க, இன்னும் கொஞ்சம்" என்பார்கள். டிஷ்ஷின் முன்னே இருக்கும் ஃபீடை, அதாவது அலையை விடும் முனையை, திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அலுப்பான வேலை, ஆனால் இதைச் செய்யாமல் ஏறினால் அதே அலைவரிசையில் எதிர் போலரைசேஷனில் இருக்கும் சேனலின் படம் உடையும். எவனோ ஒருவன் வீட்டு டிவி கட்டம் கட்டமாகச் சிதறும், அவனுக்குக் காரணமே தெரியாது. கசிவு சரியான பிறகு பவரை அவர்கள் சொல்லச் சொல்ல ஏற்றுங்கள். தாமாக அரை டெசிபெல்கூடக் கூட்ட வேண்டாம்.

படி 5: மாடுலேஷனைப் போட்டுவிட்டு, அதாவது வெறும் கேரியரில் படத்தையும் ஒலியையும் ஏற்றிவிட்டு, டெலிபோர்ட்டைக் கூப்பிடுங்கள். அலைவரிசை, போலரைசேஷன், சிம்பல் ரேட் மூன்றையும் வாய்விட்டு வாசியுங்கள். அவர்களுடைய ரிசீவர் லாக் ஆனதும் படம், ஒலி இரண்டையும் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒலியை மறப்பவர்கள்தான் அதிகம்.

நேரலை ஓடும்போது: 35,786 கிலோமீட்டர் ஏறி இறங்க கால் நொடி ஆகும், படத்தைச் சுருக்கும் என்கோடரின் தாமதமும் அதோடு சேரும். ஆகவே நிருபரின் காதுக்கு அவருடைய குரலே திரும்பி வராத ஆடியோவைக் கொடுங்கள். கேயூ பேண்ட் என்னும் உயர் அலைவரிசையில் அனுப்பினால், மழை வந்தால் சிக்னல் சரியும். அப்போதும் பவரைக் கூட்டும் முன் போன்தான். மார்ச்சிலும் செப்டம்பர், அக்டோபரிலும் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் சில நாட்களில் சில நிமிடம் டவுன்லிங்க் போய்விடும். அந்த நேரத்தை டெலிபோர்ட்டில் முன்பே கேட்டு வையுங்கள்.

புக் செய்த நேரம் முடிந்ததா? காளை பாதி வழியில் நின்றாலும் கேரியரை இறக்குங்கள். அடுத்த வேன்காரர் அதே இடத்துக்குக் காத்திருப்பார். இறக்கிய நேரத்தைக் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லி, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பில் வரும்போது தேவைப்படும்.