மஞ்சள் ஸ்டிக்கரை எப்போது கழற்றுவீர்கள்?

போன சனிக்கிழமை கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தின் காலி பார்க்கிங்கில், ஊரிலிருந்து வந்து நாலு மாதமே ஆன ஒரு பெண்ணுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் போனேன். வண்டியின் டிக்கியில் ஒன்று, இரண்டு பக்கக் கதவிலும் ஒவ்வொன்று என மூன்று மஞ்சள் காந்த ஸ்டிக்கர்கள். ‘ஸ்டூடன்ட் டிரைவர், ப்ளீஸ் பி பேஷன்ட்.’

“எப்போ ஒட்டினீங்க?”

“வாங்கின அன்னிக்கே அக்கா. அதை எதுக்கு எடுக்கணும்?”

எனக்குச் சுருக்கென்றது. பத்து வருடத்துக்கு முன்னால் நான் கேட்ட அதே கேள்வி.

இதற்கிடையில் தோழிகள், அவர்களின் பிள்ளைகள், ஒரு தோழியின் மாமியார் என்று பல பேருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஸ்டிக்கர் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். கோணலாக ஒட்டுவது, நம்பர் பிளேட்டை மறைத்து ஒட்டுவது போன்றவற்றை யாரும் சொல்லத் தேவையில்லை. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கட்டாயம் என்று நினைப்பது

நம் ஊரில் எல்எல்ஆர் எடுத்தவர் வண்டிக்கு முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு ‘எல்’ போட வேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே அது இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு வருகிறவர்கள், இங்கேயும் ஸ்டிக்கர் இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும் என்று பயப்படுகிறார்கள். கலிஃபோர்னியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. நியூ ஜெர்சியில்தான் 2010 மே மாதத்திலிருந்து, 21 வயதுக்குட்பட்ட புது ஓட்டுநர்கள் நம்பர் பிளேட்டின் மூலையில் சிறிய சிவப்பு ஒட்டு வைக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் கேட்பது வேறு. பெர்மிட்டோடு, அதாவது நம் ஊர் எல்எல்ஆர் மாதிரியான அனுமதியோடு, ஓட்டுகிறவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஓட்டுகிறவருக்கு 18 ஆகவில்லை என்றால், கூட இருப்பது பெற்றோராகவோ பயிற்சியாளராகவோ இருக்க வேண்டும். வேறு யாராவது என்றால் அவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும். நான் பழக்கிய ஒரு பையன், “அதான் ஸ்டிக்கர் இருக்கே ஆன்ட்டி” என்று தனியாகவே பால் வாங்கப் போய்விட்டான். அவன் அம்மாவிடம் நான் வாங்கிய திட்டு தனிக்கதை.

பம்பரில் ஒட்டுவது

பம்பர் பிளாஸ்டிக். காந்தம் நிற்காது.

எல்லாத் தகடும் இரும்பு என்று நம்புவது

இப்போது பல வண்டிகளின் பானெட்டும் டிக்கிக் கதவும் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக். வாங்குவதற்கு முன்னால் ஃப்ரிட்ஜில் இருக்கும் திருப்பதி காந்தத்தை எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள்.

ஒட்டியபின் கழற்றாமலே விடுவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான்.

2014-இல் எங்களிடம் இருந்தது லீஸ் வண்டி, கருநீலம். நான் பெர்மிட் வாங்கிய வாரம் டிக்கியில் ஸ்டிக்கரை வைத்தேன். லைசென்ஸ் வந்தது. ஸ்டிக்கர் அங்கேயே இருந்தது. மழை, வெயில், கார் வாஷ் என்று பதினான்கு மாதம். லீஸ் முடிந்து வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில், பார்வையிட வந்தவர் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து அதை உரித்தார். கீழே சேறு கோலப்பொடி மாதிரி கோடு கோடாகப் படிந்திருந்தது. துடைத்தால், சுற்றியிருந்த பெயின்ட் வெளுத்திருக்க, உள்ளே அச்சு எடுத்த மாதிரி கரும் நீள்சதுரம். கீழ் ஓரத்தில் தண்ணீர் தேங்கிய இடத்தில் பெயின்ட் கடுகு கடுகாகப் பொரிந்திருந்தது. பில் 480 டாலர். ஸ்டிக்கர் வாங்கியது பத்து டாலருக்கும் குறைவு.

காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மண் புகுந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ஈரம் புகுந்தால் வெளியேற வழி கிடையாது. வெயிலில் அது சூடாகி பெயின்டோடு பிடித்துக்கொள்ளும். அதனால் ஒட்டும் முன் இரண்டு பக்கமும் துடைத்துக் காயவிட வேண்டும், பாடம் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். கார் வாஷுக்குள் ஸ்டிக்கரோடு போகவே கூடாது.

பணம் போனது கூடப் பரவாயில்லை. அந்தப் பதினான்கு மாதமும் வண்டியை அதிகம் ஓட்டியது என் வீட்டுக்காரர். பதினைந்து வருட அனுபவம். 680 ஃப்ரீவேயில் லாரியை முந்திக்கொண்டு எழுபத்தைந்து மைலில் போவார், பின்னால் ‘பொறுமையாக இருங்கள், மாணவர் ஓட்டுகிறார்’ என்று எழுதியிருக்கும். பக்கத்து லேன்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, நரைத்த மீசையைக் கண்டு சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்படி நாலு வண்டியைப் பார்த்தவர், ஐந்தாவதாக நிஜமாகவே கை நடுங்க ஓட்டுகிற ஒரு பெண்ணுக்கு ஏன் இடைவெளி விடப்போகிறார்?

அப்புறம், கழற்றாதவர்களுக்கு ஸ்டிக்கர் தாயத்து ஆகிவிடுகிறது. என் தோழி ஒருத்தி லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் கழித்து வாடகைக் காரில் ஏறினாள். பார்க்கிங்கை விட்டு வெளியே வர அரை மணி நேரம். “பின்னாடி ஒண்ணும் இல்லாம ஒரு மாதிரி இருக்குடி” என்றாள்.

கண்ணாடியில் ஒட்டுவது

காந்தம் நிற்கவில்லை என்று சிலர் பசை ஸ்டிக்கரைப் பின்கண்ணாடி நடுவில் ஒட்டுகிறார்கள். ஏற்கெனவே பின்னால் பார்க்கத் தடுமாறுகிறவருக்கு இது எதற்கு? கண்ணாடியில்தான் ஒட்ட வேண்டும் என்றால், ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கத்துக் கீழ் மூலையில், 7 அங்குலச் சதுரத்துக்குள் அடங்குகிற மாதிரி.

எழுதித்தான் ஒட்டியிருக்கிறோமே என்று இருப்பது

டிக்கியில் இருக்கும் ஸ்டிக்கர் பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும். ஃப்ரீவேயில் சேரும்போது உங்களுக்கு இடம் விட வேண்டியவர் பக்கத்து லேனில் இருக்கிறார். நுழைவுச் சரிவில் நாற்பது மைலில் தயங்கிக்கொண்டே போனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இண்டிகேட்டர் போட்டு, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, வேகத்தைச் சேர்த்துத்தான் நுழைய வேண்டும்.

டெஸ்ட் அன்றைக்கு ஸ்டிக்கர் ஒட்டிப்போனால் இரக்கம் கிடைக்குமா?

கிடைக்காது.

அந்தப் பெண்ணின் டிக்கியில் இருந்ததை அன்றைக்கு நானே மெதுவாக உரித்தேன். நாலு மாதம்தான், லேசான கோடு மட்டும், தேய்த்தால் போய்விடும். வளைத்தும் மடித்தும் வைத்தால் ஓரம் தூக்கிக்கொண்டு அடுத்த முறை காற்றில் பறந்துவிடும் என்பதால், மூன்றையும் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் தட்டையாக ஒட்டி வைக்கச் சொன்னேன். இந்தச் சனிக்கிழமை நான் போனபோது கிளம்பக் கொஞ்சம் தாமதம். மூன்றில் ஒன்று ஃப்ரிட்ஜில் அவள் மகனின் ரிப்போர்ட் கார்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.